மண்ணுக்கடியில் பத்துத் தளம்

1975ஆம் ஆண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் ‘பெடிட்5’ என்றொரு கோப்பு இருந்தது. பெயரைப் பார்த்தால் ஏதோ துறை சார்ந்த நிரல் என்றே தோன்றும். ரஸ்டி ரதர்ஃபோர்ட் என்பவர் யாருக்கும் சந்தேகம் வராத பெயரிலேயே அதை வைத்திருந்தார். திறந்தால் உள்ளே நிலவறை, புதையல், பேய் பூதங்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டிருந்தார்கள். நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்று, காகிதமும் பகடையும் வைத்து ஆடும் ஆட்டம் அது. அந்தப் பகடையைக் கணினி உருட்டினால் என்ன என்று முதலில் யோசித்தவர்களில் ரதர்ஃபோர்ட் ஒருவர். நிர்வாகிகள் கண்டுபிடித்து அழித்தார்கள். ஆனால் ஆடிப் பார்த்தவர்களுக்கு ருசி கண்டுவிட்டது. அழித்ததைப் பார்த்துப் பிறர் எழுத ஆரம்பித்தார்கள்.

அந்தக் கணினி அமைப்பின் பெயர் பிளேட்டோ. பாடம் நடத்துவதற்காக உருவானது. தொலைபேசிக் கம்பி வழியே பல ஊர்ப் பல்கலைக்கழகங்கள் அதில் இணைந்திருந்தன. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரைகளின் முன் மாணவர்கள் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். 1977இல் அதில் வந்த ‘ஊப்லியெட்’ என்ற ஆட்டத்தில் பலர் ஒன்றாகச் சேர்ந்து குழுவாக இறங்கலாம். மேலே ஓர் ஊர், கீழே நிலவறை, கோடுகளால் மட்டும் வரைந்த நடைபாதை கண்முன்னே நீளும். பின்னால் நாம் பார்க்கப்போகிற விளையாட்டின் தாய்வழி இதுதான்.

நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பிளேட்டோ திரைகள் இருந்தன. அங்கே படித்த ஆண்ட்ரூ கிரீன்பெர்க் தன் ஆப்பிள் 2 கணினியில் ‘விஸர்ட்ரி’ என்ற பெயரில் பேசிக் மொழியில் ஒரு நிலவறை ஆட்டம் எழுதி நண்பர்களை ஆடவிட்டிருந்தார். அதே வளாகத்தில் ராபர்ட் வுட்ஹெட் அதே வகையில் இன்னொன்று எழுதிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்தார்கள். கிரீன்பெர்க்கிடம் ஆட்டம் இருந்தது, வுட்ஹெட்டிடம் நிரல் எழுதும் வேகம் இருந்தது. பிளேட்டோ பல்கலைக்கழகத்தின் சொத்து, அதன் முன் உட்கார அங்கே இடம் வேண்டும். ஆப்பிள் 2 வீட்டு மேசையில் வைக்கும் பெட்டி. அத்தனை பெரிய நிலவறையை 48 கிலோபைட் நினைவகத்துக்குள் அடக்க முடியுமா?

பேசிக் மொழியில் முடியவில்லை. ஆட்டம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. எனவே வுட்ஹெட் எல்லாவற்றையும் பாஸ்கல் மொழியில் புதிதாக எழுதினார். ஆப்பிள் பாஸ்கலில் எழுதிய நிரல் நேரடியாக அந்தக் கணினியின் மொழிக்கு மாறாது. ‘பி-கோட்’ என்ற இடைநிலை வடிவத்துக்கு மாறும். அந்த இடைநிலையைப் படித்து இயக்க ஒரு சிறு நிரல் இருந்தால் போதும், எந்தக் கணினியிலும் ஓடும். அன்று அவர்கள் இந்த வழியைத் தேர்ந்தது இடநெருக்கடிக்காகவும் ஒழுங்குக்காகவும்தான். பின்னால் வந்த ஊர்விட்டு ஊர், கடல்விட்டுக் கடல் பயணத்துக்கும் இந்த முடிவு வழி செய்துகொடுத்தது.

1981 செப்டம்பரில் ‘விஸர்ட்ரி: புரூவிங் கிரவுண்ட்ஸ் ஆஃப் தி மேட் ஓவர்லார்ட்’ கடைக்கு வந்தது. வெளியிட்டது சர்-டெக் நிறுவனம். கனடாவைப் பார்த்தபடி செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஆக்டன்ஸ்பர்க் என்ற சிற்றூர் அதன் இருப்பிடம். ரிச்சர்ட் கேரியட்டின் ‘அல்டிமா’வும் அதே ஆண்டுதான் வெளியானது. கணினியில் பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களின் இரண்டு பெருங்கிளைகளும் ஒரே ஆண்டில் முளைவிட்டன.

கதை மிகச் சிறியது. ட்ரெபோர் என்ற கிறுக்குப் பிடித்த அரசன். அவனுடைய மந்திரத் தாயத்தை வெர்ட்னா என்ற மந்திரவாதி திருடிக்கொண்டு, கோட்டைக்கு அடியிலேயே பத்துத் தளம் தோண்டி ஒளிந்துகொண்டான். ஆறு பேர் கொண்ட குழுவோடு இறங்கி அதை மீட்டு வர வேண்டும். ராபர்ட், ஆண்ட்ரூ என்ற பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் அரசனும் மந்திரவாதியும் வந்துவிடுவார்கள்.

ஆறு பேரையும் ஆடுபவர்தான் உருவாக்க வேண்டும். மனிதர், எல்ஃப், குள்ளர் என்று இனம். போர்வீரர், மந்திரவாதி, பூசாரி, திருடர் என்று தொழில். நல்லவரா கெட்டவரா நடுநிலையா என்ற சார்பு. முன்வரிசை மூவர் ஆயுதத்தால் அடிப்பார்கள், பின்வரிசை மூவர் மந்திரம் போடுவார்கள். ஊரில் கில்கமேஷ் பெயரில் ஒரு மதுக்கடை, அங்கே குழு சேரலாம். போல்டாக்கின் கடையில் வாளும் கவசமும். ஒரு சத்திரம், ஒரு கோயில். அதற்கப்பால் ஊர் எல்லை, படிக்கட்டு, இருட்டு.

கீழே இறங்கினால் திரையின் ஒரு மூலையில் சிறு சதுரம். அதற்குள் வெள்ளைக் கோடுகளால் ஆன நடைபாதை. மற்ற இடமெல்லாம் எழுத்து. ஒவ்வொரு தளமும் 20க்கு 20 கட்டம். வரைபடம் கிடையாது, கட்டம் போட்ட தாளில் நாமே வரைந்துகொள்ள வேண்டும். வரைபவரை ஏமாற்றுவதற்கென்றே நிலவறை கட்டியிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் கால் வைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் திசை திருப்பிவிடும். இன்னொன்று ஓசையின்றி வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடும். கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் மேற்கு விளிம்பில் வந்து நிற்போம். எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் மந்திரம் ஒன்று உண்டு, ஆனால் அதைப் போடும் அளவுக்கு மந்திரவாதியிடம் சக்தி மிச்சம் இருக்க வேண்டும். திரும்பும் வழிக்கு எவ்வளவு சேர்த்துவைப்பது, இன்னும் நாலு அடி போகலாமா என்ற கணக்குதான் ஆட்டத்தின் உயிர். வேட்டைக்கும் கடலுக்கும் போகிறவர்களின் கணக்கு அது.

பிறகு சாவு. இன்றைய ஆட்டங்களில் பாத்திரம் செத்தால் கடைசியாகச் சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய்த் தொடரலாம். விஸர்ட்ரியில் நடந்தது நடந்ததுதான். அடிபட்டுச் செத்தால் உடனே ஃப்ளாப்பித் தட்டில் பதிவாகிவிடும். செத்தவரைக் கோயிலுக்குத் தூக்கிப்போய்க் காசு கொடுத்து எழுப்பலாம். எழுப்பும் முயற்சி தோற்றால் உடல் சாம்பலாகும். சாம்பலை எழுப்ப இன்னும் கூடுதல் காசு. அதுவும் தோற்றால் அந்த ஆள் இல்லை, என்றைக்கும் இல்லை. ஆறு பேரும் கீழேயே விழுந்தால் உடல்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். புதிதாக ஆறு பேரைச் சேர்த்து, பழக்கி, அதே இடத்துக்கு அனுப்பி உடல்களைத் தூக்கி வர வேண்டும். குழுவையே இடம்பெயர்க்கும் மந்திரத்தில் கணக்குத் தவறிக் கற்பாறைக்குள் போய் மாட்டினால் மீட்பே கிடையாது. சண்டையில் ஆள் சாயும்போதே, தட்டில் எழுதுவதற்கு முன் அதைப் பிடுங்கிவிடப் பாய்ந்தவர்கள் ஏராளம்.

கடுமை மட்டும் ஓர் ஆட்டத்தை நாற்பது ஆண்டுக்கு மேல் காப்பாற்றாது. கடுமையான ஆட்டங்கள் நூற்றுக்கணக்கில் மறைந்துவிட்டன. விஸர்ட்ரி காட்டியது குறைவு, மிச்சத்தை ஆடுபவர் கையில் விட்டது. குழுவில் இருக்கும் பூசாரி ஒரு பெயரும் சில எண்களும் மட்டுமே. ஆனால் அவள் எத்தனை முறை குழுவைக் காப்பாற்றினாள், ஏழாம் தளத்தில் எப்படிச் செத்தாள், எழுப்ப எவ்வளவு தங்கம் ஆயிற்று என்பதெல்லாம் ஆடியவருக்குத் தெரியும். அவளுடைய வரலாற்றை யாரும் எழுதி வைக்கவில்லை, அது ஆட்டத்தில் நடந்தது. சாவு நிஜமாக இருந்ததால் வாழ்வும் நிஜமாக இருந்தது. நான் நினைக்கிற வரை, இதைவிடக் கச்சிதமாக ஒரு கணினி விளையாட்டின் விதிகள் அமைந்ததில்லை.

பாத்திரங்களிடம் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு இருந்த பாசத்தைச் சர்-டெக் புரிந்துகொண்டது. 1982இல் வந்த இரண்டாம் பாகத்தில் முதல் பாகத்துக் குழுவையே கொண்டுபோகலாம். 1983இன் மூன்றாம் பாகத்தில் அவர்களுடைய வாரிசுகள் வந்தார்கள். 1985இல் வேறொரு நிறுவனத்தின் ‘பார்ட்ஸ் டேல்’கூட விஸர்ட்ரிப் பாத்திரங்களைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. போட்டியாளரின் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்த ஆட்டம் அது. 1987இன் நான்காம் பாகத்தில் ஆடுபவரே வெர்ட்னா, நிலவறையின் அடியிலிருந்து மேலே ஏற வேண்டும். அபாரமான யோசனை, ஆனால் தேர்ந்தவர்களுக்கே தலைசுற்றும் அளவுக்குக் கடினமாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு டி.டபிள்யூ. பிராட்லி பொறுப்பேற்ற பாகங்கள் கதையிலும் உலகத்திலும் விரிந்தன. எட்டாவதும் கடைசியுமான பாகம் 2001இல் வந்தது. அதற்குள் அமெரிக்காவில் ரசனை வேறு பக்கம் போய்விட்டது.

இந்த விளையாட்டின் இரண்டாவது வாழ்க்கை ஜப்பானில். அதைத்தான் நான் அதிகம் நேசிக்கிறேன்.

1983இல் எனிக்ஸ் நிறுவனத்தின் நிரல் போட்டியில் பரிசு பெற்ற யூஜி ஹோரியும் கோயிச்சி நகாமுராவும் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆப்பிள் கண்காட்சிக்குப் போனார்கள். அங்கே விஸர்ட்ரியைக் கண்டார்கள். இருவரும் அதில் மூழ்கினார்கள். ஆனால் ஜப்பானியக் குழந்தைகள் கையில் இருந்தது ஆப்பிள் 2 இல்லை, நிண்டெண்டோவின் ஃபமிகாம். அதில் விசைப்பலகை கிடையாது. ஹோரி எல்லாவற்றையும் சுருக்கினார். ஆறு பேருக்குப் பதில் ஒரே வீரன். மந்திரத்தின் பெயரைத் தட்டச்சு செய்வதற்குப் பதில் பட்டியலிலிருந்து தேர்வு. மேலிருந்து பார்க்கும் ஊரும் காடும் அல்டிமாவிலிருந்து, எதிரியை நேருக்கு நேர் பார்க்கும் சண்டைக் காட்சி விஸர்ட்ரியிலிருந்து. 1986 மே மாதம் ‘டிராகன் குவெஸ்ட்’ வந்தது. அடுத்த ஆண்டு ‘ஃபைனல் ஃபேண்டஸி’. ஜப்பானிய ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும் ஆட்டம்) என்று உலகம் இன்று கொண்டாடும் வகையின் வேரைத் தோண்டினால் கார்னெல் விடுதி அறை தட்டுப்படும்.

விஸர்ட்ரி தன் சொந்தப் பெயரிலும் அங்கே போனது. 1985இல் ஜப்பானியக் கணினிகளுக்கு, 1987 டிசம்பரில் ஃபமிகாமுக்கு. வெறுமனே மொழிமாற்றி அனுப்பியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஃபமிகாம் பதிப்பை எடுத்தவர்கள் அதை மறுபடி உருவாக்கினார்கள். ஜுன் சுயேமி அரக்கர்களை வரைந்தார். ஒவ்வொன்றும் எலும்பும் நிழலுமாக, பழைய செதுக்கோவியங்களின் கனத்தோடு நின்றது. அனிமே இசையிலும் பியானோவிலும் பெயர் பெற்ற கென்டாரோ ஹனேடா இசையமைத்தார். அந்தச் சிறு பெட்டியின் சில ஒலித்தடங்களில் தேவாலய இசையின் கம்பீரத்தைக் கொண்டுவந்தார். மின்கலம் வைத்த அட்டையில் சேமிப்பு, தேவைப்பட்டால் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி. அசலை மதித்தவர்களின் வேலை என்று பார்த்தவுடன் தெரியும்.

அசலில் மாணவர்களின் குறும்பு நிறைய இருந்தது. அரிய வாள் ஒன்றுக்கு அமெரிக்கச் சமையலறை மிக்ஸியின் வணிகப் பெயரை வைத்திருந்தார்கள். வாளும் அப்படித்தான் சுழன்று வெட்டும். ஜப்பானிய ஆட்டக்காரர்களுக்கு அந்த மிக்ஸி தெரியாது. அவர்களுக்கு அது ஏதோ ஒரு மாபெரும் கொல்லன் வடித்த புகழ்பெற்ற வாள். கிண்டல்கள் எல்லாம் இப்படிக் கடலைத் தாண்டும்போது உதிர்ந்துபோக, இருட்டும் சாவும் தோழமையும் மட்டும் கரை சேர்ந்தன. அமெரிக்காவில் கெட்டிக்கார விளையாட்டாக இருந்தது ஜப்பானில் இதிகாசமாக ஆனது இப்படித்தான். 1988இல் பென்னி மாட்சுயாமா இந்த நிலவறையை வைத்து ஒரு நாவல் எழுதினார். ‘அருகருகே சாம்பலும் இளமையும்’ என்பது அதன் தலைப்பின் பொருள். கோயில் மேடையில் சாம்பலான தோழனை நினைத்து எழுதிய தலைப்பு என்று ஆடியவர் எவருக்கும் உடனே புரிந்திருக்கும்.

பயணம் ஒருவழியாக இருக்கவில்லை. ஜப்பானியப் பதிப்புகளுக்காக அங்கே போய்வந்த வுட்ஹெட் அனிமே மீது காதல் கொண்டு, 1988இல் ‘அனிமெய்கோ’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி ஜப்பானியப் படங்களை ஆங்கில வசனவரிகளோடு அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். நிலவறை ஒன்றை அங்கே கொடுத்துவிட்டு, ஒரு கலையை இங்கே கொண்டுவந்த மனிதர்.

1991 முதல் கேம்பாய் கருவிக்கென்று ஜப்பானியர்களே புதிய விஸர்ட்ரிகளை எழுதினார்கள். அதன் பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தன. 2007இல் அட்லஸ் நிறுவனம் ‘எட்ரியன் ஒடிஸி’யை வெளியிட்டபோது, நிண்டெண்டோ டிஎஸ் கருவியின் கீழ்த்திரையில் எழுதுகோலால் வரைபடம் வரைய வைத்தது. கட்டம் போட்ட தாளையே ஆட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ரியோகோ குயியின் ‘டஞ்சன் மெஷி’ மங்காவையும் 2024இல் வந்த அதன் அனிமேயையும் பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம்: நிலவறையில் டிராகன் விழுங்கிய, நாயகனின் தங்கையின் உடலை மீட்டு எழுப்பத்தான் குழு இறங்குகிறது. செத்தவரை எழுப்புவது செலவு பிடிக்கும் அன்றாட வேலையாக இருக்கும் உலகம். அது யார் வீட்டுச் சொத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் நடுவில் அசலுக்கு என்ன ஆயிற்று?

உரிமைத்தொகை குறித்து கிரீன்பெர்க்குக்கும் சர்-டெக்குக்கும் இடையே வழக்கு வந்து ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அமெரிக்க நிறுவனம் 1998இல் மூடியது. கனடா கிளை 2003இல். தொடரின் பெயரும் பிற்காலப் பாகங்களின் உரிமையும் கைமாறிக் கைமாறி ஜப்பானிய நிறுவனங்களிடம் போயின. 2020 முதல் அவை ட்ரிகாம் வசம் இருக்கின்றன. முதல் ஐந்து பாகங்களின் உரிமை மட்டும் அந்த வழியில் போகவில்லை. பெயர் ஓரிடம், ஆட்டம் வேறிடம். 1998இல் முதல் ஏழு பாகங்களையும் சேர்த்து ஒரு குறுந்தகட்டுத் தொகுப்பு வந்திருந்தது. விளைவு என்னவென்றால், அதன்பின் அசல் முதல் பாகத்தைக் காசு கொடுத்து நேர்மையாக வாங்க ஆங்கில உலகில் கால் நூற்றாண்டுக்கு வழியில்லை. 2013இல் ஜி.ஓ.ஜி. போன்ற இணையக் கடைகளில் ஆறு, ஏழு, எட்டு ஆகிய பாகங்கள் வந்தபோதும் முதல் ஐந்து வரவில்லை. ஒரு கலைவடிவத்தின் மூலநூலுக்கு நிகரான படைப்பு அது. அதைக் கடையில் வைக்க முடியாமல் போனதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு ஆற முடியாத வருத்தம்.

அந்த இடைவெளியை ஆட்டக்காரர்கள் நிரப்பினார்கள். பழுதாகிக்கொண்டிருந்த ஃப்ளாப்பித் தட்டுகளைப் படியெடுத்தார்கள். ஆப்பிள் 2ஐ அப்படியே நடிக்கும் எமுலேட்டர்களை எழுதினார்கள். தட்டில் கிடந்த பி-கோட்டை அவிழ்த்துப் படிக்கத்தக்க பாஸ்கலாக மீட்டுக்கூட எழுதியிருக்கிறார்கள். சட்டம் இதை எப்படிப் பார்க்கும் என்பது தெரிந்ததே. ஆனால் சொத்துக்காரர்கள் பூட்டி வைத்திருந்த காலம் முழுக்க அந்த வீட்டுக்கு விளக்கேற்றியவர்கள் இவர்கள்தான். இவர்கள் இல்லையென்றால் கேட்பதற்கே ஆளில்லாமல் போயிருக்கும்.

பழைய ஆட்டங்களை மீட்பதையே தொழிலாகக் கொண்ட டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2023 செப்டம்பரில் முதல் பாகத்தின் மறுஉருவாக்கத்தை முன்னோட்டமாகவும், 2024 மே மாதம் முழுமையாகவும் வெளியிட்டது. பொதுவாக மறுஉருவாக்கம் என்றால் பழையதைப் பார்த்துப் புதிதாக எழுதுவார்கள். இங்கே 1981இன் நிரலே அடியில் ஓடுகிறது. அதன்மேல் முப்பரிமாண நடைபாதை, தீவட்டி வெளிச்சம், அசையும் அரக்கர்கள். விரும்பினால் ஆப்பிள் 2 திரையையும் கூடவே பார்த்துக்கொண்டு ஆடலாம்: பெரிய திரையில் டிராகன் வாய் திறக்கும் அதே கணத்தில், மூலையில் நாலு வரி எழுத்து நகரும். பகடையை உருட்டுவது அந்த நாலு வரிதான். பழைய விதிகளில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தளர்த்துவது என்பதை ஆடுபவரே தேர்ந்துகொள்ளலாம். வினிஃபிரெட் ஃபிலிப்ஸ் இசையமைத்தார். 2025 பிப்ரவரியில் விளையாட்டு இசைக்கான கிராமி விருது அவருக்குக் கிடைத்தது. தன் இளமையில் எழுதிய ஆட்டம் இப்படித் திரும்பிவந்ததைப் பார்த்த கிரீன்பெர்க், 2024 ஆகஸ்ட்டில் காலமானார். பிற்காலத்தில் அவர் அறிவுசார் சொத்துரிமை வழக்கறிஞராக இருந்தார். அதே 2024 அக்டோபரில் ட்ரிகாம் தன் பங்குக்கு ‘விஸர்ட்ரி வேரியண்ட்ஸ் டாஃப்னே’யைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. அதிலும் நிலவறை, அதிலும் செத்தவர்களை எழுப்பும் வேலை.

புதிதாக ஆட நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் நாளே ஆறு பேரோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னும் நாலைந்து பேரை உருவாக்கிக் கில்கமேஷின் மதுக்கடையில் உட்கார வைத்துவிட்டு இறங்குங்கள். முதல் தளத்தில் படிக்கட்டைவிட்டு அதிகம் நகராமல், ஒரு சண்டை, ஒரு ஓய்வு என்று கொஞ்ச காலம் ஓட்டுங்கள். புதையல் பெட்டியைத் திறக்கும் வேலையைத் திருடரிடமே விடுங்கள். தானாக வரையும் வரைபடம் இருந்தாலும் முதல் இரண்டு தளங்களையாவது கையால் வரையுங்கள், நிலவறை உங்களோடு பேச ஆரம்பிப்பது அப்போதுதான். எப்படியும் ஒருநாள் ஆறு பேரும் கீழே விழுவார்கள். மதுக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பி, எந்தத் தளம், எந்தக் கட்டம் என்று தாளைப் பார்த்து, கூட்டிவரப் போங்கள்.